ஈ.ஆர்.-32 காலெட் சக்: சின்னச் சாமான் கடைபவர்களுக்கு

குரோஷே ஊசிக்கு மரக் கைப்பிடி கடைவது என் வேலை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கோவை கணபதியில் என் வீட்டுக்காரர் (கணவர்தான்) இரும்பு லேத் பட்டறை வைத்திருக்கிறார். அதே காம்பவுண்டில், முன்பு கார் நின்ற ஷெட்டில், நான் ஒரு சின்ன மர லேத் போட்டிருக்கிறேன். கைப்பிடி, பம்பரம், பேத்திக்குச் செப்புச் சாமான், எப்போதாவது சதுரங்கக் காய். ஆறு வருஷமாகிறது. உள்ளங்கையில் அடங்காத எதையும் நான் கடைவதில்லை.

சாமான் சின்னதாக இருப்பதுதான் தொல்லையே. லேத்தில் கட்டையைக் கவ்விப் பிடித்துச் சுழற்றுவது சக். என்னிடம் இருந்த நாலு தாடைச் சக்குக்கு 40 முதல் 50 மி.மீ. வரை காம்பு விட்டால் சந்தோஷமாகக் கவ்வும். (கட்டையின் முனையில், சக் பிடித்துக்கொள்வதற்காக மெலிதாகக் கடைந்து விடும் பகுதியைத்தான் காம்பு என்கிறேன்.) 12 மி.மீ. காம்பை வைத்தால் தாடைகள் நாலும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் காம்பு ஆடும். மெல்லிய தாடைகள் தனியாக விற்கிறார்கள் என்று அதையும் வாங்கிப் போட்டேன். பிடித்தது. ஆனால் நாலு பக்கமும் பல் பதிந்த மாதிரி தடம் விழுந்தது. அதைவிட மோசம், தாடைகளின் மூலை. நிமிஷத்துக்கு 2,000 சுற்றில் அந்த மூலைகள் கண்ணுக்கே தெரியாது, சாம்பல் நிறப் புகை மாதிரி இருக்கும். சின்னச் சாமான் கடையும்போது இடது கை சக்குக்குப் பக்கத்திலேயேதான் இருந்தாக வேண்டும். என் நடுவிரல் முட்டியில் உள்ள தழும்பு அப்படி வந்தது. அன்றைக்குத்தான் காலெட் சக் தேட ஆரம்பித்தேன்.

காலெட் என்பது நீளவாக்கில் பிளவு விட்ட எஃகுக் குழல். வெளியே கூம்பு, உள்ளே நேர்த்துளை. நட்டை இறுக்கினால் கூம்பு உடம்புக்குள் (லேத்தில் மாட்டும் சக்கின் அடிப்பகுதி) அழுந்தும், பிளவுகள் நெருங்கும், துளை சுற்றுமுற்றும் ஒரே சீராகச் சுருங்கிக் காம்பைப் பிடிக்கும். தாடை கிடையாது, மூலை கிடையாது. சுழலும்போது வெளியே தெரிவது ஒரு வழவழப்பான நட்டு மட்டும்தான். கை தப்பித் தொட்டால் சூடு தெரியும், ரத்தம் வராது. மற்ற சௌகரியமெல்லாம் எனக்கு இதற்கு அடுத்துதான்.

வீட்டுக்காரரின் மில்லிங் மெஷினில் (இரும்பைக் கட்டரால் வெட்டிச் சீவும் இயந்திரம்) இதே ஈ.ஆர்.-32 காலெட் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. “ரெண்டு கொடுங்க, பாத்துட்டுத் தரேன்” என்றேன். “மரத்தூளு போச்சுன்னா அப்பறம் அது காலெட்டே இல்ல. அதெல்லாம் தர முடியாது போ” என்று சொல்லிவிட்டு, கொடுக்காததற்கு ஈடாக வரலாறு சொன்னார். ஈ.ஆர். என்பதில் உள்ள ஆர், ரெகோ-ஃபிக்ஸ் என்ற ஸ்விட்சர்லாந்து நிறுவனத்தைக் குறிக்கும். ஏற்கெனவே இருந்த ஈ வகைக் காலெட்டை மேம்படுத்தி 1973-இல் கொண்டுவந்தார்கள். இன்று உலகம் முழுக்க இதுதான் பொது அளவு. யார் செய்த காலெட்டும் யார் செய்த உடம்பிலும் உட்காரும். 32 என்பது கூம்பு வாயின் அகலத்தைத் தோராயமாகச் சொல்லும் எண். 32-இல் 20 மி.மீ. தடிமன் வரை பிடிக்கலாம், 25-இல் 16 வரை, 40-இல் 26 வரை. மர லேத்துக்கென்று விற்பவை பெரும்பாலும் 32-தான். அமெரிக்காவில் பீல் என்ற நிறுவனம் மரம் கடைபவர்களுக்காகவே செய்யும் காலெட் சக்கும் ஈ.ஆர்.-32 காலெட்டைத்தான் எடுத்துக்கொள்கிறது. கைப்பிடி, பம்பரம் அளவுக்கு 32 தாராளம்.

நான் முதலில் வாங்கியது தப்பு. அதைச் சொல்லிவிடுகிறேன், இன்னொருவர் பணமாவது மிஞ்சட்டும்.

காலெட் உடம்பு லேத்தில் உட்காருவதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஸ்பிண்டிலின் (லேத்தில் சுழலும் தண்டு) உள்ளே இருக்கும் டேப்பர் துளையில், அதாவது கூம்பாகக் குறுகும் துளையில், செருகுவது. என் லேத்தில் அது மோர்ஸ் டேப்பர் 2 என்ற பொது அளவு. இன்னொன்று, ஸ்பிண்டிலின் வெளி மரையில் திருகுவது. செருகும் வகை விலை குறைவு. 1,150 ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைத்தது. வந்த அன்றே செருகி, மரச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, கொய்யாக் கட்டையில் பம்பரம் கடைய ஆரம்பித்தேன். டெயில்ஸ்டாக் சென்டர் (லேத்தின் மறுமுனையிலிருந்து கட்டையைத் தாங்கும் கூர்முனை) முட்டுக் கொடுத்திருந்தவரை அருமையாக ஓடியது. ஆணி அடிக்கும் முனையைக் கடைவதற்காகச் சென்டரைப் பின்னால் இழுத்தேன். உளியை வைத்து நாலு இழுப்பு. ஒரு கிறீச். அவ்வளவுதான், உடம்பு, நட்டு, காலெட், பம்பரம் எல்லாம் சேர்ந்து வெளியே குதித்தன. லேத்தின் இரும்புப் படுக்கையில் விழுந்து என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பம்பரம் மட்டும் தனியே பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் காலண்டரைக் கிழித்தது. முகக் கவசம் போட்டிருந்தேன். அது இல்லாமல் லேத்தை ஓட விடுவதே இல்லை, வளையலோடும் நிற்பதில்லை.

சத்தம் கேட்டு வந்த வீட்டுக்காரர் பார்த்தவுடன் கேட்டார்: “இழுவைக் கம்பி எங்கம்மா?”

அப்படி ஒன்று வேண்டும் என்று விற்றவரின் இணையப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. மோர்ஸ் டேப்பர் உராய்வால் மட்டுமே பிடித்துக்கொள்வது. துளை போடும்போது அழுத்தம் உள்நோக்கிப் போவதால் இன்னும் இறுகும். உளி பக்கவாட்டில் தள்ளும். தள்ளித் தள்ளி ஆட்டினால் டேப்பர் கழன்றுகொள்ளும். அதனால் உடம்பின் வால் முனையில் மரை வெட்டியிருப்பார்கள். ஹெட்ஸ்டாக்கின் (ஸ்பிண்டிலைத் தாங்கும் பெட்டி) பின்பக்கத்திலிருந்து ஸ்பிண்டில் துளை வழியாக நீளக் கம்பி ஒன்றை விட்டு, அந்த மரையில் திருகி, பின்னால் வாஷர் வைத்து நட்டுப் போட்டு இழுத்துப் பிடிக்க வேண்டும். கம்பி இல்லாமல், சென்டர் முட்டும் இல்லாமல், இதில் உளி வைப்பது தற்கொலைக்குச் சமம்.

சரி, கம்பி போட்டுக்கொள்ளலாம் என்றால் அங்கேயும் ஒரு முள். வால் மரை எம்-10. அதாவது கம்பி 10 மி.மீ. என் ஸ்பிண்டிலின் துளை முக்கால் விரல்கூட இல்லை, 3/8 அங்குலம், 9.5 மி.மீ. போகாது! இந்த அளவுத் துளை சின்ன லேத்துகளில் சாதாரணம். வீட்டுக்காரர் ஒரு கம்பியை 9 மி.மீ.க்குக் கடைந்து, முனையில் மட்டும் கட்டை எம்-10 மரை... இல்லை, அதுவும் போகாதே என்று அவரே நிறுத்தி, தலையைச் சொறிந்து, கடைசியில் முன்பக்கமாகக் கம்பியைச் செலுத்தி, பின்முனைக்கு எம்-8 நட்டுப் போட்டுக் கொடுத்தார். அதாவது எம்-10 முனையை முதலில் உடம்பின் வாலில் திருகிவிட்டு, உடம்பையும் கம்பியையும் சேர்த்து முன்னாலிருந்து நுழைக்க வேண்டும். வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் மாட்டவும் கழற்றவும் ஐந்து நிமிஷம். பட்டறை வைத்திருப்பவரைக் கட்டிக்கொள்ளாதவர்கள் இந்த வழிக்கே வர வேண்டாம். எம்-10 வால் உள்ளதை வாங்குவதற்கு முன் உங்கள் ஸ்பிண்டில் துளையில் 10 மி.மீ. டிரில் பிட்டின் தண்டு போகிறதா என்று பாருங்கள்.

இரண்டு மாதம் இப்படி ஓட்டிவிட்டு, மரையில் திருகும் வகையை வாங்கினேன். நட்டும் கொக்கி ஸ்பானரும் சேர்த்து 3,450 ரூபாய். பெயர் பொறிக்காத சாமான். அட்டைப் பெட்டியிலும் பெயர் இல்லை.

இங்கே பார்க்க வேண்டியது ஸ்பிண்டில் மரை. என்னுடையது 1 அங்குலம், அங்குலத்துக்கு 8 மரை. பெரிய லேத்துகளில் 33 மி.மீ., 3.5 பிட்ச் (மரைக்கு மரை 3.5 மி.மீ. இடைவெளி) இருக்கும். இன்னும் சின்னதில் வேறு வேறு. வெர்னியர் வைத்து வெளிவிட்டத்தை அளங்கள், அப்புறம் ஸ்கேல் வைத்து ஒரு அங்குலத்தில் எத்தனை மேடு என்று எண்ணுங்கள். நான் எண்ணித்தான் ஆர்டர் போட்டேன். அவர்கள் எண்ணாமல் அனுப்பினார்கள். முதலில் வந்தது 33 மி.மீ. மரை, என் ஸ்பிண்டிலில் தொப்பி மாதிரி தொங்கியது. திருப்பி அனுப்பி மாற்றி வாங்க 19 நாள்.

இரண்டாவது வந்தது சரியான மரை. ஆனால் திருகி ஓடவிட்டால் கண்ணுக்கே தெரிகிற மாதிரி ஆடியது. வீட்டுக்காரர் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜோடு வந்தார். 0.15 மி.மீ. ஆட்டம். உடம்பைக் கழற்றி, ஸ்பிண்டிலின் தோளில் (மரை முடிகிற இடத்துத் தட்டை விளிம்பு) வந்து உட்காரும் முகத்தை நகத்தால் வருடினார். “இங்க பாரு, பிசிரு.” மரை வெட்டிய பிசிறு ஒன்று அரிசி நுனியளவு தூக்கிக்கொண்டிருந்தது. திருகும் வகையில் நேர்நிற்பைத் தீர்மானிப்பது மரை அல்ல, அந்தத் தோள்முகம்தான். மரை எப்போதும் கொஞ்சம் தளர்வாகவே இருக்கும். எண்ணெய்க் கல்லில் தேய்த்துப் பிசிறை எடுத்தபின் 0.03-க்கு வந்தது. பத்து நிமிஷ வேலை. உங்களுக்கு வந்த சக் ஆடினால் உடனே திட்ட வேண்டாம், முதலில் தோளைத் துடைத்துப் பாருங்கள். பாதி நேரம் அங்கே ஒரு மரச்சுருள்தான் மாட்டியிருக்கும்.

இப்போது காலெட்டுக்கு வருகிறேன். உடம்பைவிட இதில்தான் ஏமாறுவது சுலபம்.

2,100 ரூபாய்க்கு 11 காலெட் கொண்ட ஒரு செட் வாங்கினேன்: 3, 4, 5, 6, 8, 10, 12, 13, 16, 18, 20. பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் ஒரு ஈ.ஆர்.-32 காலெட் சுருங்குவது 1 மி.மீ. மட்டுமே. 8 என்று எழுதியிருந்தால் 8-இலிருந்து 7 வரை. 6 என்றால் 6-இலிருந்து 5 வரை. அப்படியானால் 6.5-ஐ இந்தச் செட்டில் எது பிடிக்கும்? எதுவும் பிடிக்காது. 8-இல் வைத்து ஸ்பானரால் முக்கினால் காலெட் நிரந்தரமாகக் கோணிவிடும். எழுதிய அளவைவிடத் தடிமனான காம்பைத் திணித்தாலும் அதே கதை. 3 முதல் 20 வரை இடைவெளி இல்லாமல் வேண்டுமென்றால் 18 காலெட் வேண்டும். ஆனால் நமக்கு அது எதற்கு? இரும்புக்காரருக்குக் கட்டர் என்ன அளவில் வருகிறதோ அந்த அளவில் காலெட் தேவை. மரத்தில் காம்பின் அளவை வைப்பதே நாம்தான். இரண்டு மூன்று அளவை முடிவு செய்துகொண்டால் போதும்.

அந்தச் செட்டை வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக அளந்தார். 13-இல் ஆட்டம் 0.04. பரவாயில்லை. 16-இல் 0.14. “இது காலெட் இல்ல, மோதிரம்” என்று ஓரமாக வைத்தார்.

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. மரத்துக்கு எதற்கு இந்தக் கணக்கு? காலெட் எவ்வளவு கோணலாகப் பிடித்தாலும், பிடித்த பிறகு நான் கடைவது வட்டமாகத்தானே வரும்? அது உண்மை. ஒரே பிடியில் ஆரம்பித்து அதே பிடியில் அறுத்து எடுக்கும் பம்பரத்துக்கு 0.14 ஒன்றும் செய்யாது. ஆனால் கைப்பிடியை நான் ஒரு முனை முடித்து, கழற்றி, திருப்பி மாட்டி மறுமுனை முடிக்கிறேன். அரக்கு வண்ணம் பூசி அதில் மெல்லிய கோடு கீறுகிறேன். திருப்பி மாட்டியது கால் முடி அளவு விலகினாலும் கோடு ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் காணாமலும் போகும். 16-இல் மூன்று கைப்பிடி அப்படி வீணானபின் நஞ்சப்பா ரோட்டுக் கடையில் நல்ல காலெட் தனித்தனியாக மூன்று வாங்கினேன், ஒன்று 480 ரூபாய். 6, 11, 13. வீட்டுக்காரர் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஏன் 11, 13? ஒவ்வொரு காம்புக்கும் லேத்தை நிறுத்தி வெர்னியர் வைத்து அளக்க எனக்குப் பொறுமை இல்லை. 12-ஆம் நம்பர் வாய் ஸ்பானரைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். வெட்டு உளியால் காம்பை இறக்கிக்கொண்டே வந்து, லேத்தை நிறுத்தி ஸ்பானரை வைத்துப் பார்க்கிறேன். சரக்கென்று நுழைந்தால் காம்பு தயார். ஸ்பானரின் வாய் எழுதிய அளவைவிட ஒரு முடி அகலமாகவே இருக்கும். அதனால் காம்பு 12-க்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அது 12 காலெட்டில் நுழையாது. 13-இல் வழுக்கிக்கொண்டு நுழைந்து, இறுக்கினால் சுகமாகப் பிடிக்கும். அதே கணக்கில் 10-ஆம் நம்பர் ஸ்பானருக்கு 11 காலெட். செட்டில் 11 இல்லாததைக் கவனித்திருப்பீர்கள்.

காலெட் மாட்டுவதில் ஒரு பழக்கம் வேண்டும். புதிதாக வாங்கியவர்கள் எல்லாரும் காலெட்டை உடம்பில் போட்டு, மேலே நட்டைத் திருகுகிறார்கள். கூடாது. காலெட்டின் தலைக்குக் கீழே ஒரு பள்ளம் ஓடும், நட்டின் உள்ளே மையம் தள்ளிய ஒரு வளையம் இருக்கும். காலெட்டைச் சாய்த்து அந்த வளையத்தில் டக்கென்று மாட்டிக்கொண்டு, பிறகு இரண்டையும் சேர்த்து உடம்பில் திருக வேண்டும். கழற்றும்போது காலெட்டைக் கூம்பிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவருவது அந்த வளையம்தான். மாட்டாமல் இறுக்கினால் காலெட் கோணலாக உட்காரும், உள்ளேயே சிக்கிக்கொள்ளவும் செய்யும். காம்பு இல்லாமல் வெறும் காலெட்டை இறுக்குவதும் தப்பு.

அடுத்தது காம்பின் நீளம். சாமான் நுனியில் ஒரு விரல் மரம் வீணாகப் போகிறதே என்று எல்லாரும் மிச்சம் பிடிப்பது இங்கேதான். ஈ.ஆர். காலெட் இரண்டு முனையிலிருந்தும் பிளவுபட்டது. முன்னாலும் பின்னாலும் சேர்ந்து சுருங்கினால்தான் துளை நேராக இருக்கும். 12 மி.மீ. நீளத்துக்குக் குட்டைக் காம்பு விட்டால் பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் அதிகமாகச் சுருங்கி, முன்பக்கம் புனல் மாதிரி விரிந்து நின்றுவிடும். உளி கொஞ்சம் பிடித்தாலும் காம்பு நழுவும். ஈ.ஆர்.-32 காலெட் 40 மி.மீ. நீளம், நான் 28 முதல் 30 வரை காம்பு விடுகிறேன். வேம்பு, வெட்பாலை என்றால் மனசு வலிக்காது. (கர்நாடகத்துச் சென்னபட்டணாவின் பொம்மைக்காரர்கள் ஆலே மரம் என்று சொல்வது நம் வெட்பாலையைத்தான். வெள்ளை வெளேரென்று, நார் தெரியாமல், அரக்கை அப்படியே வாங்கிக்கொள்ளும்.) ஈட்டி மரத் துண்டு கடையும்போது 30 மி.மீ. வீணாக்க மனம் வராது. அப்போது காம்பைக் குட்டையாகவே விட்டு, காலெட்டின் பின்பாதியில் அதே தடிமனில் கடைந்த ஒரு துண்டுக் குச்சியைப் போட்டுவிடுகிறேன். இரண்டு பக்கமும் சமமாக இறுகுகிறது.

எவ்வளவு இறுக்குவது? கையால் இறுக்கி, ஸ்பானரில் இன்னொரு கால் சுற்று. இரும்புக்கு இறுக்குகிற மாதிரி இறுக்கினால் காம்பு நசுங்கும். ஸ்பானர் போடும்போது ஸ்பிண்டில் பூட்டும் முள்ளை நம்பி முக்க வேண்டாம், அது வளையும். உடம்பில் தட்டையாக வெட்டியிருக்கும் இடத்தில் இன்னொரு ஸ்பானர் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரம் காயாத கொய்யாக் கட்டையை ராத்திரி சக்கிலேயே விட்டுப் போனால் காலையில் காம்பு காய்ந்து சுருங்கித் தளர்ந்திருக்கும். லேத்தைப் போடுமுன் நட்டை ஒரு தரம் தொட்டுப் பார்ப்பது என் காலை வழக்கமாகிவிட்டது.

தூள் விஷயத்தில் வீட்டுக்காரர் சொன்னது சரிதான். உப்புக்காகிதம் போட்ட பிறகு வரும் மாவு பிளவுக்குள் அடைந்துகொள்ளும். அரக்கும் மெழுகும் சேர்ந்தால் பசை. பழைய பல் துலக்கும் பிரஷும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும். மழைக்காலத்தில் எண்ணெய் தடவி வைக்கிறேன், ஆனால் துடைக்காமல் மாட்டினால் வெட்பாலையில் கறை ஏறும்.

இதை வாங்கினால் தாடைச் சக்கை எடுத்து வைத்துவிடலாமா என்று ஒரு தங்கை கேட்டாள். முடியாது. 20 மி.மீ.க்கு மேல் காம்பு வேண்டிய எதற்கும் இது ஆகாது. கிண்ணம், குங்குமச் சிமிழ் கடைபவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். சதுரக் கட்டையைப் பிடிக்காது. முதலில் இரண்டு சென்டருக்கு நடுவே உருட்டிக் காம்பு எடுத்தாக வேண்டும், ஒரு வேலை கூடுதல். சுழற்சியைத் திருப்பிப் போட்டுத் தேய்க்கும் பழக்கம் உள்ளவர்கள், திருகும் வகை கழன்று வரும் என்பதை நினைவில் வையுங்கள். என்னுடையதில் அதற்குப் பூட்டுத் திருகு இல்லை.

எனக்கு மொத்தம் ஆனது, முதல் தப்பையும் சேர்த்தால், 8,140 ரூபாய். இன்று மறுபடி வாங்கினால் திருகும் வகை உடம்பு ஒன்று, நல்ல காலெட் மூன்று, 4,890-இல் முடித்திருப்பேன். செட்டில் வந்த பதினொன்றில் இதுவரை நான் தொட்டது நான்கு. 16 ஜன்னலோரம் பேனா நிற்க வைக்க உதவுகிறது.

நான் அதிகம் நம்பியிருப்பது 6 மி.மீ. காலெட்டை. கைப்பிடியில் ஊசி போகும் துளை 6 மி.மீ.; அதே தடிமனில் ஒரு பளபளக் கம்பியைக் காலெட்டில் பிடித்து, துளை போட்ட கைப்பிடியை அதன்மேல் செருகி, மறுமுனைக்குச் சென்டர் முட்டுக் கொடுத்தால் துளையும் வெளிப்பக்கமும் ஒரே மையத்தில் வரும். இந்த வாரம் இருபது கைப்பிடி முடிக்க வேண்டும், முடிக்க முடியவில்லை. அவருடைய பெட்டியில் இருந்த 6 விரிசல் விட்டுவிட்டதாம். என்னுடையதை மில்லிங்குக்கு எடுத்துப் போய் ஒன்பது நாளாகிறது. “ஏனுங்க, எப்பத் தருவீங்க?” என்றால், “உன்றது நல்லாப் புடிக்குது, இரு” என்கிறார்.